எஸ்பிடி (இடி வோல்டேஜைத் தடுக்குற சர்ஜ் ப்ரொடெக்டர்) மாட்டியும் மோட்டார் ட்ரிப் ஆகுதுங்க, கேத்தி பக்கம்

கேத்தி_கேரட்:
கேத்தி பள்ளத்துல கேரட் போட்டிருக்கோம், கீழ ஓடைல இருந்து மேல தொட்டிக்கு 5 எச்பி த்ரீ ஃபேஸ் மோனோபிளாக்ல தண்ணி ஏத்துறோம், டிஓஎல் (நேரா லைன்லயே ஸ்டார்ட் பண்ற) ஸ்டார்ட்டர். ஏப்ரல் இடி மழைல பக்கத்து தோட்டத்து மோட்டார் காயில் போயிடுச்சு, அந்த பயத்துல டிபி பாக்ஸ்ல (கரன்ட் பிரிக்குற பெட்டி) எஸ்பிடி மாட்டினேன். இப்ப மோட்டார் நல்லாதான் ஸ்டார்ட் ஆகுது, கால் மணி நேரம் ஓடுது, அப்புறம் ஓவர்லோடு ரிலே (கரன்ட் ஜாஸ்தியானா மோட்டாரை நிறுத்துறது) தட்டிவிட்டுடுது, ஆறவிட்டு ரீசெட் அமுக்கினா திரும்ப அதே கதை. எஸ்பிடி இன்னும் பச்சைதான் காட்டுது. கடைக்காரர் இதைவிட பெரிய கேஏ (கிலோ ஆம்ப்ஸ்) எஸ்பிடி போடுங்கன்றார், எலக்ட்ரீசியன் ரிலே டயலை 10 ஆம்ப்ஸுக்கு ஏத்திடலாம்ன்றார். எதைக் கேக்குறது?

குன்னூர்_வயர்மேன்:
ரெண்டு பேரையும் கேக்காதீங்க. எஸ்பிடி பாக்குறது வோல்டேஜ், அதுவும் மைக்ரோசெகண்ட் கணக்குல வந்துட்டுப் போற ஸ்பைக் மட்டும்தான். ரிலே பாக்குறது ஆம்ப்ஸ், உள்ள இருக்குற பைமெட்டல் (ரெண்டு உலோகம் ஒட்டின தகடு) சூடாகி வளைஞ்சுதான் தட்டிவிடும், அதான் கால் மணி நேரம் எடுத்துக்குது. 5 எச்பிக்கு ஃபுல் லோடு சுமார் 7.5 ஆம்ப்ஸ், நேம் பிளேட்ல என்ன போட்டிருக்கோ அதுலதான் டயல் நிக்கணும். ஏத்தி வச்சா ட்ரிப் நிக்கும், கூடவே காயிலும் போகும். ஓடுறப்ப டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்ப்ஸ் பாக்குற மீட்டர்) போட்டு மூணு ஃபேஸும் பாத்து சொல்லுங்க.

ரீவைண்டிங்_மேட்டுப்பாளையம்:
எங்க கடைக்கு இடில போன மோட்டாரை விட ஒரு ஃபேஸ் இல்லாம ஓடி கருகினதுதான் ஜாஸ்தி வருது. ஸ்டார் கனெக்‌ஷன்னா ரெண்டு ஃபேஸ் காயில் கரியாகி ஒண்ணு மட்டும் புதுசாட்டம் இருக்கும், டெல்டான்னா தலைகீழ், ஒண்ணுதான் கரி. இதுக்கு எஸ்பிடி ஒண்ணும் பண்ணாது, ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துற சிங்கிள் ஃபேசிங் ப்ரிவென்டர் போடணும். கண்டன்சர் வச்சு ரெண்டு ஃபேஸ்ல ஓட்டுறீங்களா தம்பி? லோ வோல்டேஜ்னாலும் அதே வேலைய இழுக்க ஆம்ப்ஸ் ஏறத்தான் செய்யும். நியூட்ரல் கட்டாகி 230 வர்ற லைன்ல 350, 400னு நின்னுச்சுன்னா எஸ்பிடிக்குள்ள ஸ்பைக்கை வாங்கிக்குற எம்ஓவியே சூடாகி செத்துடும். அதோட உங்க ஊரு பாறைல எர்த் ஒழுங்கா கிடைக்கலைன்னா இடிக்கும் அது பாதிதான்.

கேத்தி_கேரட்:
கண்டன்சர் எல்லாம் இல்லண்ணா. வோல்டேஜ் 405, மூணு ஃபேஸும் ஒண்ணுபோல. ஆம்ப்ஸ் 9.1, 9.3, 9.2.

மலைக்காத்து:
ப்ரோ ஊட்டி பக்கம் உயரம்ல, காத்து லேசு, அதனால மோட்டார் சூடாகுதோ?

குன்னூர்_வயர்மேன்:
ஸ்டாண்டர்ட் மோட்டார் ரேட்டிங் 1000 மீட்டர் வரைக்கும்தான், அது சரி. ஆனா இங்க இருக்குற குளிரு அதை ஈடுகட்டிடும், அப்படியே சூடானாலும் ஆம்ப்ஸ் 9க்கு போகாது. மூணும் சமமா இருக்கு, வோல்டேஜும் ஓகே, அப்ப லைன்ல குத்தமில்ல, பம்ப்தான் ஜாஸ்தி இழுக்குது. தண்ணி மேல ஃபுல்லா வருதா? சென்ட்ரிஃப்யூகல் பம்ப்ல நிறைய பேரு உல்டாவா நினைக்கிறாங்க, ஹெட் (தண்ணி ஏத்துற உயரம்) குறைஞ்சா லோடும் குறையும்னு. ஹெட் குறைஞ்சா தண்ணி ஜாஸ்தி தள்ளும், ஆம்ப்ஸ் ஏறும். டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா மூடிப் பாருங்க, ஆம்ப்ஸ் இறங்குச்சுன்னா பைப் எங்கயோ கீழயே உடைஞ்சிருக்கு. இறங்கலைன்னா பேரிங், இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்துற சக்கரம்) உரசுதான்னு பாக்கணும்.

கேத்தி_கேரட்:
வால்வைத் திருகத் திருக 7க்கு வந்துடுச்சுங்க! லைன் புடிச்சுப் போனா தேயிலைக்கு அடில ஜாயின்ட் பிரிஞ்சு கிடக்கு, தண்ணி அப்படியே ஓடைக்கே திரும்பிடுது, அதான் கண்ணுல படல. சுத்தி காட்டெருமை குளம்படி. ஜாயின்ட் மாத்தி வால்வை ஃபுல்லா தொறந்தாச்சு, 7.2 காட்டுது, டயல் 7.5லயே இருக்கு. எஸ்பிடியை கழட்டிடவா?

ரீவைண்டிங்_மேட்டுப்பாளையம்:
கழட்டாதீங்க, ஐப்பசி இடிக்கு வேணும். எஸ்பிடியோட ரெண்டு பக்க வயரையும் சேத்து அரை மீட்டருக்குள்ள இருக்கட்டும், சுத்தி சுத்தி விடாதீங்க. சிவப்பு காட்டினா கார்ட்ரிட்ஜ் மாத்திடுங்க.

மலைக்காத்து:
அந்த எடத்துல மட்டும் ஜிஐ (இரும்பு) பைப் போட்டு மண்ணுக்குள்ள புதைச்சிடுங்க ப்ரோ, அதுங்க திரும்ப அதே வழிலதான் வரும்.