புதுப்பிப்பு: என் ஷெல்லில் செயல்முறைப் பதிலீடு வேலை செய்கிறது

இரண்டு கட்டளைகளின் வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பு இல்லாமல் ஒப்பிட, நான் பராமரிக்கும் சிறிய ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலில்) <( ) என்ற செயல்முறைப் பதிலீட்டை, அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கோப்பு போலக் கொடுக்கும் வசதியை, சேர்க்க முயல்வதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அப்போது ஒப்பீடு முடியாமல் தொங்கி நின்றது.

காரணம் தெரிந்துவிட்டது. அடைப்புக்குள் உள்ள கட்டளையை இயக்கும் பிள்ளைச் செயல்முறையைப் பிரித்த பிறகும், தாய் ஷெல் பைப்பின் (ஒரு செயல்முறை எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாயின்) எழுதும் முனையைத் திறந்தே வைத்திருந்தது. அது மூடப்படும் வரை படிப்பவருக்குக் கோப்பு முடிந்த செய்தி போய்ச் சேராது. அந்த முனையை மூடும் ஒரே ஒரு குளோஸ் அழைப்பு விடுபட்டிருந்தது! மூன்று இரவுகளை விழுங்கிய வரி அது.

இதைவிட நுட்பமான பிழை ஒன்றும் இருந்தது. இரண்டாவது பதிலீட்டின் பிள்ளை, முதல் பைப்பின் படிக்கும் முனையையும் சுமந்துகொண்டு போயிற்று. படிப்பவர் பாதியில் விலகினாலும் முதல் பைப்பில் எழுதுபவருக்கு, படிக்க யாருமில்லை என்று சொல்லும் சிக்பைப் சமிக்ஞை வரவில்லை. இப்போது ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு உரியதல்லாத முனைகளை முதலில் மூடிவிடுகிறது.

திறந்திருக்கும் முனைகளைக் கோப்புப் பெயர்களாகக் காட்டும் /டெவ்/எஃப்டி அடைவு இல்லாத கணினிகளில், கோப்பு போலப் பெயருள்ள பைப்பைப் பயன்படுத்துகிறேன். அதை யாரும் திறக்காவிட்டால் எழுதுபவர் காத்தே கிடப்பார். ஆகவே கட்டளை முடிந்ததும் ஷெல்லே அதைத் தடையில்லா முறையில் திறந்து மூடி, பிறகு அழிக்கிறது.

யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரமான பாசிக்ஸில் இவ்வசதி இல்லை. எனவே எங்கும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளில் இதை எழுதாதீர்கள். ஆனால் அன்றாட வேலைக்கு இதைப் போல ஒன்று இல்லை. நேற்று மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில், தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுத்தவர்களின் இரண்டு பட்டியல்களையும் வரிசைப்படுத்தி ஒரே வரியில் ஒப்பிட்டேன். விடுபட்ட பெயர்கள் உடனே தெரிந்தன. கோயில் அக்காவிடம் அப்போதே கொடுத்துவிட்டேன்.