கையுறையோடு அழுத்த ஒரு குட்டி கீபோர்டு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ராயபுரத்தில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை பாராகிளைடிங்குக்காக இமாச்சலில் உள்ள பீர் பில்லிங் போவேன். கிளம்பும் மேடே சுமார் 2,400 மீட்டர் உயரம். கையுறை இல்லாவிட்டால் விரல் விறைத்துவிடும், போட்டால் போன் திரை வேலை செய்யாது. வழி பார்ப்பது எக்ஸ்சிசோர் செயலியில்.

அதனால் பர்மா பஜாரில் உள்ளங்கை அளவு ப்ளூடூத் கீபோர்டு ஒன்று வாங்கினேன். மொட்டை மாடியில் ஹார்னஸை (பறக்கும்போது உட்காரும் பட்டை இருக்கை) மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சோதித்தேன். (எதிர்வீட்டு அக்கா “இன்னா தம்பி, எங்க பறக்கப் போற?” என்று கேட்டது தனிக்கதை.) மேல், கீழ் அம்புக்குறிகளில் வரைபடம் பெரிதாகிச் சிறிதாகிறது. மற்ற பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை, செயலியின் எக்ஸ்சிஐ என்ற அமைப்புக் கோப்பில் நானே எழுதிக்கொள்வேன்.

சிக்கல் வேறு. சில நிமிஷம் தொடாவிட்டால் கீபோர்டு தூங்கிவிடுகிறது. ஒரு தட்டு தட்டி எழுப்பினாலும், மறுபடி இணைய இரண்டு மூன்று நொடி. தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக் காற்றில், சுற்றும்போது கையில் பிடித்திருக்கும் பிரேக் கயிற்றை விட்டுவிட்டு அதற்காகக் காத்திருக்க முடியுமா? சரி, டாங்கிள் (போனில் செருகும் சின்ன ரிசீவர்) வகை வாங்கலாம் என்றால், அது என் போனின் ஒரே சார்ஜ் போர்ட்டை அடைத்துக்கொள்ளும். அப்புறம் பவர் பேங்கை எங்கே செருகுவது?

இந்தத் தூக்கத்தை நிறுத்த வழி உண்டா? இல்லை, நாலைந்து பெரிய பட்டன் மட்டும் உள்ள, தூங்காத ரிமோட் யாராவது வைத்திருக்கிறீர்களா? தொடையில் கட்டுவதா, முன்னால் கருவிகள் வைக்கும் காக்பிட் பையில் வெல்க்ரோ போட்டு ஒட்டுவதா என்றும் சொல்லுங்கள். அக்டோபரில் ரயில் ஏறுகிறேன்.