ஃபார்ச்சூனர் பவர் சீட்டை கிரிஸ்டாவில் மாட்டலாமா?

வடசேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 2017 மாடல் இன்னோவா கிரிஸ்டா ஜிஎக்ஸ், டீசல், மேனுவல் கியர். வாரத்தில் ஐந்து நாள் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போய் வருகிறேன். தூரம் பெரிய தூரமில்லை, ஆனால் அந்த ரோடு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊருக்கு ஊர் நின்று நின்றுதான் போக முடியும், சில நாள் இரண்டரை மணி நேரம் ஆகிவிடுகிறது. இறங்கும்போது இடது கால் மரத்துப் போயிருக்கும். இடுப்புப் பக்க முதுகெலும்பில், எல்4-எல்5 டிஸ்க்கில் ஏற்கெனவே பிரச்சினை உண்டு. தொடைக்கு அடியில் தாங்கல் இருந்தால் இடுப்பில் விழும் பாரம் குறையும் என்று டாக்டர் சொன்னார். வண்டியைக் குறை சொல்லவில்லை, என் முதுகுதான் காரணம். ஜிஎக்ஸ் சீட்டை மொத்தமாக ஏற்றி இறக்கலாம், முன்பக்க விளிம்பை மட்டும் தனியாகத் தூக்க முடியாது.

போன மாதம் சித்தப்பா மகனுடைய ஃபார்ச்சூனரை மதுரை வரை ஓட்டினேன். சீட்டின் முன்பக்கத்தை ஸ்விட்ச்சில் கொஞ்சம் தூக்கி வைத்ததும் தொடை முழுக்க சீட்டில் படிந்து உட்கார்ந்தது. இறங்கும்போது வலியே இல்லை. அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

பாலராமபுரம் பக்கம் ஒரு பழைய பாகங்கள் யார்டில் 2018 ஃபார்ச்சூனர் டிரைவர் சீட் இருக்கிறது. 28 ஆயிரம் கேட்கிறார். "ரெண்டும் ஒரே கம்பெனி, நாலு போல்ட்தான், நேரா உட்காரும், ஒயர் ரெண்டு இழுத்தா போதும்" என்கிறார். யாராவது செய்திருக்கிறீர்களா? கரண்ட் எங்கிருந்து எடுப்பது? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வயரிங் வேலைக்காரன்:

தம்பி, ஒயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் இதில் சுலபமான பகுதி. ஃபார்ச்சூனரில் வருவது 8 வழி சீட், அதாவது நாலு அசைவு, ஒவ்வொன்றும் இரண்டு திசையில். உள்ளே நாலு மோட்டார்: முன்பின் நகர்த்த ஒன்று, முதுகைச் சாய்க்க ஒன்று, முன் உயரத்துக்கு ஒன்று, பின் உயரத்துக்கு ஒன்று. நீங்கள் விரும்பியது அந்த மூன்றாவது மோட்டாரின் வேலை. ஸ்விட்ச் செய்வது பிளஸ்ஸையும் எர்த்தையும் இடம் மாற்றிக் கொடுப்பது மட்டும்தான், மோட்டார் திரும்பிச் சுற்றும். மெமரி (உட்காரும் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி) இல்லாத சீட்டுக்கு ஒரு பாசிட்டிவ், ஒரு எர்த் இருந்தால் ஓடும். மெமரி உள்ள சீட் என்றால் தனி கண்ட்ரோல் யூனிட் இருக்கும், அதை வேறு வண்டியில் பேச வைப்பது தலைவலி, தொடவே வேண்டாம்.

பாசிட்டிவை பேட்டரியில் இருந்து நேராக எடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்ப் ஃபியூஸ், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கிற தகடு) ரப்பர் கிராமெட், அதாவது ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம், வழியாக உள்ளே. ஸ்டீரியோ ஒயரிலோ லைட்டர் சாக்கெட்டிலோ ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சீட் கடைசி வரை போய் முட்டி நிற்கும்போது மோட்டார் இழுக்கிற கரண்ட் சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு. மெல்லிய ஒயர் கார்பெட்டுக்கு அடியில் சூடாகிக் கிடந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இனிதான் கஷ்டமான பகுதி. உங்கள் ஜிஎக்ஸில் ஏர்பேக் மூன்று: டிரைவர், முன் பயணி, டிரைவர் முழங்கால். அந்த ஃபார்ச்சூனரில் ஏழு. கூடுதலாக இருக்கும் நாலில் இரண்டு முன் சீட்டுகளின் பக்கவாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் வாங்கப் போகிற சீட்டின் வெளிப்பக்கத்தில் வெடிக்கத் தயாராக ஒரு பை மடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, மோதினால் அதை விரிக்கச் சொல்லாது. பலன் ஒன்றும் இல்லை, ஆபத்து மட்டும் உங்கள் விலாப் பக்கத்தில் இருக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அதுதான். மல்டிமீட்டர் முனையை அதில் வைத்துப் பார்க்கவே கூடாது, மீட்டர் கொடுக்கிற சின்ன கரண்டே அதைத் தூண்டிவிடலாம். அந்தப் பையை ஏர்பேக் வேலை படித்தவர் கழற்ற வேண்டும், சாதாரண சீட் கவர் கடையில் அல்ல. எந்த வண்டியிலும் சீட்டுக்கு அடியில் கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 90 விநாடியாவது சும்மா இருங்கள்.

போல்ட் ஓட்டை நாலும் ஒத்துப்போகும் என்று யார்டுக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். டேப் எடுத்துப் போங்கள். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை, அப்புறம் முன்காலுக்கும் பின்காலுக்கும் உயர வித்தியாசம், எல்லாம் அளந்து உங்கள் வண்டியின் தரையோடு ஒப்பிடுங்கள். 5 மில்லி வித்தியாசம் இருந்தாலும் ஓட்டையை ராவிப் பெரிதாக்கி மாட்டக் கூடாது.

குளச்சல் கரை:

அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா 28 ஆயிரம் எதுக்கு மக்கா? உனக்கு வேண்டியது முன்பக்கம் தூக்கல் மட்டும்தானே. இருக்கிற சீட்டின் முன் ரெண்டு போல்ட்டைக் கழற்றி அடியில் 15 மில்லி இரும்பு வாஷர் வை, நீளமான போல்ட் போடு, முடிந்தது. நான் என் பழைய ஜீப்பில் அப்படித்தான் ஆறு வருடமாக ஓட்டுகிறேன். கடல் காற்றில் போல்ட் துருப்பிடிக்கும், அதனால் கிரீஸ் தடவிப் போடு.

வயரிங் வேலைக்காரன்:

தம்பி, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கிரிஸ்டாவில் பெல்ட் பக்கிள் (பெல்ட்டைச் சொருகுகிற பூட்டு) சீட்டோடு சேர்ந்தது. வண்டி மோதி நிற்கும்போது பெல்ட்டில் விழுகிற இழுப்பில் ஒரு பங்கு பக்கிள் வழியாக சீட் ஃப்ரேமுக்குப் போய், அங்கிருந்து அந்த நாலு போல்ட்டுக்குத்தான் வரும். சீட் கால் தரையில் படிந்து உட்கார்ந்திருந்தால் போல்ட் நேராக இழுபடும், தாங்கும். நடுவே வாஷரை அடுக்கி 15 மில்லி தூக்கினால் அதே போல்ட் பக்கவாட்டில் வளைகிறது. சும்மா ஓட்டும்போது ஆறு வருடம் ஒன்றும் ஆகாது, ஒரே ஒரு நாள் லாரிக்குப் பின்னால் போய் நிற்கிற அன்றைக்குத்தான் தெரியும். ஹார்டுவேர் கடை போல்ட் இன்னும் மோசம், சீட்டுக்கு வருகிற போல்ட்டின் பலம் அதில் இருக்காது.

இன்னொன்று. எந்த சீட் போட்டாலும் உங்கள் வண்டியோடு வந்த பக்கிளையே மாற்றி மாட்டுங்கள். பெல்ட் போடாதபோது எரிகிற லைட் அந்த பக்கிளுக்குள் இருக்கிற ஸ்விட்ச்சைப் பார்த்துத்தான் எரிகிறது.

களியக்காவிளை வழி:

நான் வண்டி இன்சூரன்ஸ் வேலையில் இருப்பவன், இரண்டு விஷயம் மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் உறுதி செய்தது. சீட் மாற்றியதற்கு யாரும் ரோட்டில் நிறுத்திக் கேட்பதில்லை என்பது உண்மை, ஆனால் பெரிய விபத்து நடந்து க்ளெய்ம் என்று வரும்போது சர்வேயர் சீட்டையும் பெல்ட்டையும் பார்ப்பார். நான் அந்த இடத்தில் நின்று குடும்பத்தாருக்குப் பதில் சொன்னவன், அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது, 2018 மாடல், கேரள யார்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ பாகம் பாகமாக விற்கப்பட்டன. சீட்டை நன்றாகக் கழுவி, லெதரில் பாலிஷ் போட்டு வைத்தால் மேலே ஒன்றும் தெரியாது. பணம் கொடுக்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள். ரெயில் இடுக்கு, கனெக்டர் பின், ஸ்பிரிங் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வடசேரிக்காரன்:

ரொம்ப நன்றி. சனிக்கிழமை டேப், டார்ச், ஒரு 12 வோல்ட் பைக் பேட்டரி, தடித்த ஒயர் இரண்டு, எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். யார்டுக்காரர் நல்ல மாதிரிதான், பார்க்க விட்டார். அவரே சீட்டைக் கவிழ்த்துப் பிடித்தார், மஞ்சள் கனெக்டர் பக்கம் நான் கையே வைக்கவில்லை. பவர் கனெக்டரில் ஒயரைத் தொட்டதும் சீட் முன்னே பின்னே அழகாக ஓடியது. முதுகும் சாய்ந்தது. எனக்கு வேண்டிய முன் உயரம் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அசையவில்லை. சீட்டை முழுக்க முன்னால் ஓட்டி, ரெயிலின் உள் இடுக்கில் விரலை விட்டு இழுத்தேன். மஞ்சளாக, மாவு மாதிரி மெல்லிய வண்டல் விரல் நுனியில் ஒட்டி வந்தது. கனெக்டரில் ஒரு பின் பச்சைப் பூத்திருந்தது. அவரிடமும் காட்டினேன். அவருக்கே தெரியாது போல, முகம் மாறிவிட்டது, பிறகு விலை பேசவில்லை. போல்ட் ஓட்டை அளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

திரும்பி வரும்போது மார்த்தாண்டத்தில் ஒரு பழைய குஷன் கடையில் நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னதும், "உட்காருங்க, கிளட்ச் மிதிக்கிற மாதிரி வையுங்க" என்று சொல்லி, என் தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே நாலு விரலை நுழைத்து இடைவெளி பார்த்தார். சீட்டின் போல்ட்டைத் தொடவே இல்லை. கவரின் முன்பக்கத்தை மட்டும் பிரித்து, கெட்டி ஃபோமை ஆப்பு மாதிரி சரிவாக வெட்டி, முன்னே 40 மில்லி, பின்னே ஒன்றுமில்லாமல் முடிகிற மாதிரி வைத்துத் தைத்துக் கொடுத்தார். 1,800 ரூபாய். ஃபார்ச்சூனர் அளவுக்கு வராது, ஆனால் பத்து நாளாக ஓட்டுகிறேன், மரப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. டாக்டரிடம் அடுத்த வாரம் காட்டப் போகிறேன்.

வயரிங் வேலைக்காரன்:

ரொம்ப சந்தோஷம் தம்பி, வாங்காமல் வந்ததே பெரிய விஷயம். மேனுவல் வண்டி என்பதால் ஒன்று மட்டும் பாருங்கள். வண்டியை நிறுத்தி வைத்து, கிளட்ச்சை அடிவரை மிதித்து அப்படியே பத்து எண்ணுங்கள். அடித்தொடை ஃபோமில் அழுந்தி, காலை இறக்கவே பலம் போட வேண்டியிருந்தால் முன்பக்கம் அதிகம், நரம்பு அங்கே அமுங்கி மரப்பு திரும்ப வரும். அப்படியிருந்தால் இடது தொடை படுகிற இடத்தில் மட்டும் 10 மில்லி சீவச் சொல்லுங்கள், வலதுபக்கம் இருக்கட்டும்.