வீடியோ டிரான்ஸ்கோடிங்: 16 கோர் சிபியுவா, சின்ன கிராபிக்ஸ் கார்டா?

பழையநாடா:
என்னிடம் 300 மணி நேர வீடியோ இருக்கிறது. பெரும்பாலும் 1080பி ஹெச்.264, கொஞ்சம் கேமராவில் எடுத்த 4கே. டிஸ்க் நிரம்பிவிட்டதால் அதைவிடக் குறைந்த இடம் பிடிக்கும் ஹெச்இவிசி (ஹெச்.265) வடிவத்துக்கு மாற்ற, அதாவது டிரான்ஸ்கோட் செய்ய, நினைக்கிறேன். இப்போதுள்ள 4 கோர் கணினியில் எக்ஸ்265 (சிபியுவில் ஓடும் ஹெச்இவிசி மென்பொருள்) போட்டால் ஒரு மணி நேர வீடியோவுக்கு ஐந்தாறு மணி நேரம் ஓடுகிறது. இரவு பகலாக ஓடவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். புதிதாக எதை வாங்கலாம்?

சில்லு:
சிபியுவில் காசைக் கொட்டாதீர்கள். என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் சுற்று) உள்ள ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு போதும். கேமுக்கு உழைக்கும் கோர்கள் வேறு, வீடியோவை என்கோட் செய்யும் சுற்று வேறு. என்விடியா 2012இல் வந்த கெப்ளர் தலைமுறைக் கார்டுகளிலிருந்தே என்வென்க் என்று அதைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060இல் உள்ள அதே ஒற்றை என்கோடர்தான் 3090இலும் இருக்கிறது, அதனால் பெரிய கார்டு வாங்கினால் என்கோடிங் வேகமாகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இன்டெலின் ஆர்க் ஏ380 கார்டு கூட ஏவி1 என்ற இன்னும் புதிய வடிவத்தில் என்கோட் செய்யும்.

பொறுமை265:
வேகம் சரி. ஆனால் அவர் கேட்பது இடம். சிப்பில் பதித்த என்கோடருக்கு ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவு நேரம்தான் என்று கணக்கு உண்டு. எக்ஸ்265ஐ ஸ்லோ பிரிசெட்டில் (மெதுவான அமைப்பில்) விட்டால் அது இன்னும் எத்தனையோ வழிகளை முயன்று பார்த்து, அதே தரத்தைக் குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு ஆகும் டேட்டா அளவில்) தரும். என்கோடிங் ஒரு தடவைதான், ஃபைல் பல வருடம் டிஸ்கில் கிடக்கப்போகிறது. 12 அல்லது 16 கோர் சிபியு வாங்குங்கள்.

சில்லு:
நீங்கள் பாஸ்கல் என்ற பழைய தலைமுறை என்விடியா கார்டை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். அதில் ஹெச்இவிசிக்கு பி-ஃபிரேம் (முன்பின் ஃபிரேம்களைப் பார்த்து இடத்தை மிச்சப்படுத்தும் ஃபிரேம்) கிடையாது. 2018இல் டூரிங் தலைமுறை வந்தபோது அது வந்தது, தரமும் நன்றாகவே ஏறியது. வாங்கும்போது பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது, அவ்வளவுதான்: முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 டூரிங் வரிசைதான், ஆனால் என்கோடர் பழையது. ஜிடி 1030இல் என்கோடரே இல்லை.

பொறுமை265:
ஏறியது உண்மை, மறுக்கவில்லை. 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) கொடுத்தால் எனக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 2 எம்பிபிஎஸ்ஸில் இருட்டான சுவரையோ புகையையோ பாருங்கள், கட்டம் கட்டமாகத் தெரியும். இடத்தை மிச்சப்படுத்துபவர் இறங்கப்போவது அந்த பிட்ரேட்டுக்குத்தானே?

நான் சொன்ன சிபியு விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். எக்ஸ்265 ஒரு ஃபிரேமை 64 பிக்சல் உயர வரிசைகளாகப் பிரித்துத்தான் கோர்களுக்குக் கொடுக்கிறது. 1080பியில் அப்படி 17 வரிசைதான் வரும், அதிலும் கீழ் வரிசை மேல் வரிசைக்காகக் கொஞ்சம் காத்திருக்கவேண்டும். அதனால் 32 கோர் வாங்கி ஒரே ஒரு ஃபைலை ஓட்டினால் பாதி கோர் சும்மாதான் இருக்கும். இரண்டு மூன்று ஃபைல்களை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள், அப்போதுதான் கோர்களுக்கு வேலை இருக்கும்.

பழையநாடா:
நேற்று நண்பரின் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், அதில் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. 1080பி பறக்கிறது. கேமரா ஃபைல்தான் நகரவே மாட்டேன் என்கிறது. சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறது, கார்டு ஏறக்குறைய சும்மா இருக்கிறது. வேகமான என்விஎம்ஈ டிஸ்க் போட்டால் சரியாகுமா?

சில்லு:
ஆகாது. 100 எம்பிபிஎஸ் வீடியோ என்றாலும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான், சாதாரண ஹார்ட் டிஸ்கே அதைத் தாங்கும். கேமராவில் 10 பிட் 4:2:2 (நிறத் தகவலை அதிகமாக வைக்கும் முறை) வைத்து எடுத்தீர்களா? என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்திய கார்டுகள் 4:2:2வை டிகோட் செய்யாது, அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரிக்காது. அதனால் சிபியுதான் முக்கி முக்கி டிகோட் செய்கிறது, என்கோடர் காத்துக்கிடக்கிறது. ஃபைல் ஹெச்இவிசி 4:2:2 என்றால் 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் டெஸ்க்டாப் சிபியுவின் குவிக் சிங்க் (அதன் உள்ளமைந்த கிராபிக்ஸில் உள்ள வீடியோ சுற்று) அதைத் திறந்துவிடும். பெயரில் எஃப் என்று முடியும் மாடலை மட்டும் வாங்காதீர்கள், அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது.

பொறுமை265:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் கேமரா ஃபைல்களை மாற்றியபின் மூலத்தை அழித்துவிடாதீர்கள் பழையநாடா. 4:2:2, நிறத் தகவல் குறைவான 4:2:0 ஆகிவிட்டால் போன நிறத் தகவல் திரும்ப வராது. அவற்றை அப்படியே தனி டிஸ்கில் வையுங்கள்.

பழையநாடா:
ஆமாம், 10 பிட் 4:2:2 ஹெச்இவிசிதான். கேமரா ஃபைல்களைத் தொடவில்லை. அப்போ கிராபிக்ஸ் உள்ள இன்டெல் சிபியு ஒன்று, தனி கார்டு இப்போதைக்கு வேண்டாம். 1080பியில் முக்கியமானவற்றை எக்ஸ்265இல் இரவில் ஓட்டுகிறேன், மற்றதை குவிக் சிங்க்கில்.

சில்லு:
சரிதான். முழுசாக ஓட்டும் முன் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை இரண்டு வழியிலும் மாற்றிப் பாருங்கள்.

பொறுமை265:
அந்தத் துண்டு இருட்டுக் காட்சியாக இருக்கட்டும்.