குரல் வந்த பிறகு நாயகனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே?

கேள்வி:
எந்த ஆர்பிஜி (கதையின் நாயகனாக நாமே ஆடும் வீடியோ கேம்) ஆரம்பித்தாலும் நாயகனுக்கு என் தம்பியின் செல்லப்பெயரைத்தான் வைப்பேன்: அப்பு. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7-இல் தொடங்கிய பழக்கம். அதில் வசனம் எல்லாம் எழுத்துதான். அவனுக்கு அப்போது படிக்கத் தெரியாது. நான் வாய்விட்டுப் படிப்பேன், வில்லனுக்குக் கட்டைக் குரல், பெரியவர்களுக்கு நடுங்கும் குரல். வசனப் பெட்டியில் அவன் பெயர் வந்துவிட்டால் போதும், எழுந்து நின்றுவிடுவான்.

2001-இல் பத்தாம் பாகம் வந்தது. அந்தத் தொடரின் முதன்மைப் பாகங்களில் முதல்முறையாகக் குரல் நடிப்பு. நாயகன் பெயரை அதிலும் நாமே வைக்கலாம். ஆனால் நாம் வைக்கும் பெயரை முன்கூட்டியே யார் பேசிப் பதிவு செய்ய முடியும்? அதனால் கதாநாயகி யூனா உட்பட யாருமே அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "ஏன்க்கா என்னைக் கூப்பிடவே மாட்டேங்கிறாங்க?" என்று தம்பி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நீண்ட தொடர்களில் குரல் வந்தபோது உங்களுக்கும் இப்படி ஏதாவது கைவிட்டுப் போனதா?

பதில் 1:
போனது உண்மை. ஆனால் அதே பத்தாம் பாகத்தில், லூகா நகரத்தில் நாயகனும் யூனாவும் வலிய வரவழைத்துச் சிரிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் போலிச் சிரிப்பு, கேட்கவே சங்கடமாக இருக்கும். அப்புறம் அதுவே நிஜச் சிரிப்பாக மாறும். எழுத்தில் இரண்டுமே "ஹா ஹா ஹா"தான்.

பதில் 2:
எனக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். ஒரு பெட்டியை மூன்று முறை படித்தால்தான் புரியும். குரல் வந்த பிறகுதான் ஒரு கதையை முடிவு வரை பார்த்தேன். உங்கள் தம்பிக்கு நீங்கள் இருந்தீர்கள்.

பதில் 3:
பெயர் விஷயத்தில் ஃபால்அவுட் 4 (2015) முயன்று பார்த்தது. காட்ஸ்வொர்த் ரோபோவுக்காக 900க்கும் மேற்பட்ட பெயர்களைப் பதிவு செய்து வைத்தார்கள். நம் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் கூப்பிடும். ஆனால் நாயகனுக்கும் குரல் வைத்ததில்தான் எனக்கு வருத்தம். மூன்றாம் பாகத்தில் நாம் சொல்லப்போவது முழு வாக்கியமாகத் திரையில் இருக்கும். நான்கில் ஓரிரு சொல் கொண்ட நான்கு தேர்வுகள்தான். மென்மையாகச் சொல்வான் என்று நினைத்து அழுத்தினால் சிடுசிடுப்பான். பால்டர்ஸ் கேட் 3 (2023) செய்ததே சரி: மற்றவர்கள் பேசுவார்கள், உரையாடலில் நம் வரிகள் மட்டும் எழுத்தாகவே நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டாவது பதில் எழுதியவருக்கு: நீங்கள் சொன்ன கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. நன்றி. லூகா காட்சியை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன், அதை எழுத்தால் செய்யவே முடியாது, ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை தம்பி வருகிறான். பால்டர்ஸ் கேட் 3-இல் திரையை இரண்டாகப் பிரித்து ஆடப்போகிறோம். அவனுடைய வரிகளை நான்தான் படித்துக் காட்ட வேண்டுமாம், இப்போதே சொல்லிவிட்டான்.