ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு முழு ஆப்ஜெக்டை அனுப்பினால் செயலி மூடிக்கொள்கிறது (ஆண்ட்ராய்டு, கோட்லின்)

அலமாரி:
வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்காக ஒரு செயலி எழுதி வருகிறேன். முதல் திரையில் புத்தகப் பட்டியல். ஒன்றைத் தொட்டால் இரண்டாவது ஆக்டிவிட்டியில் (அதாவது அடுத்த திரையில்) அதன் முழு விவரம் வர வேண்டும். தலைப்பு, ஆசிரியர், அடுக்கு எண், பைட் அரேயாக அட்டைப் படம், இரவல் பட்டியல் எல்லாம் ‘புத்தகம்’ என்ற ஒரே டேட்டா கிளாஸில் இருக்கின்றன.

அடுத்த திரையைத் திறக்கும் செய்தியான இன்டென்ட்டில் தலைப்பை மட்டும் வைத்து அனுப்பினால் சிக்கல் இல்லை. முழு ஆப்ஜெக்டை வைத்தால் கம்பைல் ஆகவில்லை. கிளாஸைச் சீரியலைசபிள் (பைட்டுகளாக மாற்றி அனுப்பக்கூடியது) ஆக்கிய பிறகு கம்பைல் ஆகிறது. ஆனால் சில புத்தகங்களைத் தொட்டவுடன் செயலி மூடிக்கொள்கிறது. பிழைப் பதிவைக் காட்டும் லாக்கேட்டில் ‘நாட் சீரியலைசபிள் எக்செப்ஷன்’ என்ற பிழையும், பக்கத்தில் ‘இரவல்’ என்ற கிளாஸின் பெயரும் தெரிகின்றன. இதுவரை யாரும் இரவல் வாங்காத புத்தகங்கள் மட்டும் ஒழுங்காகத் திறக்கின்றன. இது ஏன்?

கீழைக்காற்று:
காரணம் நீங்கள் சொன்ன கடைசி வரியிலேயே இருக்கிறது. புத்தகத்தைச் சீரியலைசபிள் ஆக்கினீர்கள். அதற்குள் இருக்கும் இரவல் கிளாஸை ஆக்கவில்லை. பட்டியல் காலியாக இருக்கும்வரை எழுதுவதற்கு அங்கே எதுவும் இல்லை, அதனால் தப்பித்துவிடுகிறது. ஓர் இரவல் சேர்ந்ததும் பிழை வருகிறது.

இரவலையும் சீரியலைசபிள் ஆக்கினால் இந்தப் பிழை போய்விடும். ஆனால் அது ஜாவாவின் பொதுவான வழி. ரிஃப்ளெக்‌ஷனை (கிளாஸின் அமைப்பை ஓடும்போதே ஆராய்வதை) நம்பி ஓடுவதால் மெதுவானது. அதே வேலைக்கு ஆண்ட்ராய்டுக்கென்றே உள்ளது பார்சலபிள். முன்பு ஒவ்வொரு புலத்தையும் கையால் எழுதி, எழுதிய அதே வரிசையில் திரும்பப் படிக்க வேண்டும். வரிசை தவறினால் தலைப்பின் இடத்தில் ஆசிரியர் வந்து நிற்பார். இப்போது கோட்லின் பார்சலைஸ் பிளகினைச் சேர்த்து, இரண்டு கிளாஸ்களின் தலையிலும் பார்சலைஸ் குறிப்பைப் போட்டு, இரண்டையும் பார்சலபிள் என்று அறிவித்தால் போதும். பழைய வழிகாட்டிகள் ‘கோட்லின் ஆண்ட்ராய்டு எக்ஸ்டென்ஷன்ஸ்’ பிளகினைச் சொல்லும். அது 2020-லேயே கைவிடப்பட்டது, அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: முதன்மை கன்ஸ்ட்ரக்டரில் இருக்கும் புலங்கள் மட்டுமே பயணிக்கும். கிளாஸின் உடலுக்குள் அறிவித்தவை வராது.

அலமாரி:
மிக்க நன்றி. இரண்டு கிளாஸ்களையும் மாற்றினேன், இரவல் போன புத்தகங்களும் திறக்கின்றன. ஆனால் கைப்பேசியில் படம் எடுத்து அட்டையைச் சேர்த்த புத்தகங்களில் இப்போது ‘டிரான்ஸாக்‌ஷன் டூ லார்ஜ்’ என்று வருகிறது. இரண்டாவது திரையில் அடுக்கு எண்ணைத் திருத்திவிட்டுத் திரும்பினால் பட்டியலில் பழைய எண்ணே நிற்கிறது.

விரைவுவழி:
எதற்கு இவ்வளவு சுற்று? ஒரு கம்பானியன் ஆப்ஜெக்டில் (செயலி முழுவதற்கும் பொதுவான இடம்) அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு அடுத்த திரையில் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுச் சிக்கலும் இல்லை, இரண்டு திரைகளும் ஒரே ஆப்ஜெக்டைப் பார்க்கும்.

கீழைக்காற்று:
தயவுசெய்து அந்த வழிக்குப் போக வேண்டாம். வாசகசாலைப் பொறுப்பாளர் விவரத் திரையில் இருக்கும்போது ஓர் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செயலி பின்னணிக்குப் போகிறது. நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு அந்தப் பிராசஸையே (ஓடிக்கொண்டிருக்கும் செயலியையே) நிறுத்திவிடலாம். அவர் திரும்பி வரும்போது அதே விவரத் திரை மீண்டும் உருவாகும், ஆனால் உங்கள் கம்பானியன் ஆப்ஜெக்ட் காலியாக இருக்கும். இன்டென்ட்டில் வைத்தது அப்படி அழியாது. அதைச் சிஸ்டம் தன்னிடம் வைத்திருந்து திருப்பித் தரும்.

சோதித்துப் பார்க்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ இங்கே போதாது. அது ஆக்டிவிட்டியை மட்டும் அழிக்கும், பிராசஸ் உயிரோடு இருக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஹோம் பொத்தானை அழுத்திச் செயலியைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாக, பிராசஸை நிறுத்தும் ‘ஏஎம் கில்’ கட்டளை கொடுத்து, சமீபச் செயலிகள் பட்டியலிலிருந்து திறந்து பாருங்கள்.

அலமாரி, உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். இன்டென்ட் உங்கள் ஆப்ஜெக்டைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அதன் நகலை, பிராசஸ்களுக்கு இடையே தரவைக் கொண்டுபோகும் பைண்டர் வழியாக அனுப்புகிறது. பைண்டரின் இடம் சுமார் 1 எம்பி. அதையும் உங்கள் பிராசஸில் அந்த நேரத்தில் நடக்கும் எல்லாப் பரிமாற்றங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. கைப்பேசிப் படம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். இரண்டாவது திரையில் இருப்பது நகல் என்பதால் அதில் செய்த திருத்தம் முதல் திரைக்குத் தெரியாது.

புத்தகத்தின் ஐடியை மட்டும் அனுப்புங்கள். புத்தகங்கள், கைப்பேசியிலேயே தரவைச் சேமிக்கும் ரூம் டேட்டாபேஸில் இருக்கட்டும்; இரண்டாவது திரையின் வியூமாடல் (திரைக்குத் தேவையான தரவை வைத்திருக்கும் கிளாஸ்) அந்த ஐடியைக் கொண்டு அங்கிருந்து படிக்கட்டும். படத்தை மட்டும் டேட்டாபேஸுக்குள் வைக்காதீர்கள்: ஒரு வரிசையைப் படிக்கும் கர்சர் விண்டோவின் அளவு வழக்கமாக 2 எம்பிதான், அங்கேயும் செயலி விழும். படத்தைக் கோப்பாகச் சேமித்து, அதன் பாதையை மட்டும் டேட்டாபேஸில் எழுதுங்கள்.

அலமாரி:
மாற்றிவிட்டேன். பட்டியலை ரூமிலிருந்து ஃப்ளோவாக (தரவு மாறும்போதெல்லாம் புதியதைத் தரும் ஓட்டமாக) வாங்குவதால், அடுக்கு எண்ணைத் திருத்தியதும் முதல் திரையிலும் தானாக மாறுகிறது. ஏஎம் கில் சோதனையிலும் விவரத் திரை சரியாகத் திரும்பி வருகிறது. ஒரே ஒரு சந்தேகம்: தேடல் வடிகட்டி என்று மூன்று புலங்கள் கொண்ட ஒரு சிறிய கிளாஸ் இருக்கிறது. அது டேட்டாபேஸில் இல்லை. அதை எப்படி அனுப்புவது?

கீழைக்காற்று:
அதற்குப் பார்சலபிளே பொருத்தம், தயங்காமல் அனுப்புங்கள். வாங்கும் இடத்தில் மட்டும் கவனம் தேவை: இன்டென்ட்டிலிருந்து ஆப்ஜெக்டை எடுக்கும் கெட் பார்சலபிள் எக்ஸ்ட்ராவின் பழைய வடிவம் ஆண்ட்ராய்டு 13-லிருந்து கைவிடப்பட்ட பட்டியலில் இருக்கிறது. கிளாஸையும் கேட்கும் புதிய வடிவத்தில் அதே 13-ஆம் பதிப்பில் ஒரு பிழை உண்டு. ஆண்ட்ராய்டுஎக்ஸ் கோர் நூலகத்தில் உள்ள ‘இன்டென்ட் காம்பேட்’ வழியாக வாங்கினால் இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும்.