மியூசிக்கல் ஆடிஷன் பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம். போன வாரம் நியூயார்க்கில் ஒரு மியூசிக்கலுக்கு, அதாவது பாட்டோடு நடிக்கும் மேடை நாடகத்துக்கு, முதல் ஆடிஷன் போனேன். நடிகர் சங்கமான ஈக்விட்டியில் நான் உறுப்பினர் இல்லை. அதனால் விடியற்காலை 5.30க்கே காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு, மதியம் 2 மணி வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே பாடக் கிடைத்தது 16 பார் (பாட்டின் 16 தாளக் கட்டங்கள்) மட்டும், ஒரு நிமிடம்கூட இல்லை. கர்நாடக சங்கீதம் படித்தவள் நான், ஆலாபனை தொடங்கவே அதைவிட நேரம் வேண்டும்! பியானோ வாசிப்பவரிடம் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, சொல்லத் தெரியாமல் விரலைச் சொடுக்கிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பாட்டும் தலைதெறிக்க ஓடியது. "நன்றி" என்றார்கள், அவ்வளவுதான்.

பாட்டை 16 பாருக்கு எங்கே வெட்டுவது? நோட்டேஷன் தாளில் எதையெல்லாம் குறித்துக் கொடுக்க வேண்டும்? அப்புறம், தானாக வந்து விழும் கமகத்தை (சுரத்தை அசைத்துப் பாடுவதை) எப்படி அடக்குவது? அடுத்த ஆடிஷன் வியாழக்கிழமை.